நான்கு புள்ளிகள்

முகம்மது சுல்தானை அடக்கம் செய்து நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அவருடைய மகள் காமாரியா குழாயடியில் நின்று மூன்றாவது தடவையாகக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

“கையா அது, கப்பல் தளமா? இப்படித் தேய்க்கிற,” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு ஹாஜரா சாச்சி. “வா புள்ள. மாவு காத்துக்கிட்டு இருக்குலா.”

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மூன்றாம் நாள் பாத்திஹா. வறுத்த அரிசி மாவும் தேங்காய்ப்பூவும் வெல்லமும் வாழைப்பழமும் பித்தளைத் தேக்சாவில் தயாராக இருந்தன. இவையெல்லாம் சேர்ந்த மலிதாவைக் கையால்தான் பிசைய வேண்டும். பிசைந்த பிறகு அடுப்பில் ஏற்றுவதில்லை. லெப்பை ஓதி முடித்ததும் உருண்டை பிடித்துத் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் கொடுப்பார்கள். காமாரியா பிசைந்தால்தான் பதமாக வரும் என்று கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்து முழுக்கப் பேச்சு.

அவள் கையை உதறிவிட்டு அங்கேயே நின்றாள்.

வாப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. ஆறடி ஆள். பன்னிரண்டு நாள் ரத்தக் கழிச்சலில் பாயளவுக்கு ஒடுங்கிப்போனார். ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக டிரெஸ்ஸர் வேலை பார்த்த அவள் அண்ணன் ரஹீம், ஊசி போட ஆரம்பித்த அன்றே தன்னையும் சேர்த்து வீட்டில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் ஆளுக்கொரு தீப்பெட்டி எடுத்து வைத்தான். சோதனைக்கு மலம் எடுத்துத் தர என்று அவன் சொன்னதும் உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். வாப்பா மட்டும் படுக்கையில் கிடந்தபடியே சிரித்தார். “முப்பது வருஷமா எத்தனையோ சரக்க ஏத்தி எறக்கியிருக்கேன். இத எந்தக் கப்பல்ல ஏத்தப்போற?”

அவர் மௌத்தாவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோன காமாரியாவை, ரஹீம் பின்வராந்தாவின் கோடியில் இருந்த சோதனை அறைக்கு அழைத்துப்போய் நுண்ணோக்கியின் முன் நிறுத்தினான். “இதுல கண்ண வை. மூச்ச மெதுவா விடு.”

முதலில் வெறும் வெளிச்சம். பிறகு அந்த வெளிச்சத்தில் ஏதோ ஒன்று ஒரு விரலை நீட்டியது. கண்ணாடி போன்ற விரல். மீதி உடம்பு முழுவதும் அந்த விரலுக்குள் வழிந்து போயிற்று. மறுபடியும் ஒரு விரல். அதற்குக் கண் இல்லை, வாய் இல்லை, அவசரமும் இல்லை. உள்ளே சிவப்பாகச் சில வட்டங்கள் மிதந்தன.

“உள்ள தெரியுதே, அது வாப்பாவோட ரத்தம்,” என்றான் ரஹீம்.

“சுபஹானல்லாஹ்.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

“மொத தடவ பார்த்தப்ப நானும் அதத்தான் சொன்னேன்,” என்றான் அவன்.

அவன் வேறொரு கண்ணாடிச் சில்லை மாற்றி வைத்தான். இதில் எதுவும் நகரவில்லை. சின்ன உருண்டை ஒன்று, பௌர்ணமி மாதிரி. அதற்குள் நான்கு புள்ளிகள்.

“இதுவும் அதே கிருமிதான். ஓடு கட்டிக்கிட்டுத் தூங்குது. தண்ணியில, கீரையில, நக இடுக்குல கெடக்கும். இன்னொருத்தர் வயித்துக்குள்ள போனாத்தான் முழிக்கும். நெருப்புல வெந்தா செத்துடும்.”

“ரஹீம் நானா, இது யாருது?”

ரஹீம் தீப்பெட்டியைத் திருப்பினான். பென்சிலில் எழுதியிருந்த பெயரை அவள் படித்தாள்.

“வலியே இருக்காது. வருஷக்கணக்கா சுமந்துக்கிட்டு நடமாடலாம்.”

“வாப்பாவுக்கு இதுலேருந்து...”

“அப்படின்னு யாராலயும் சொல்ல முடியாது. ஈ இருக்கு, மார்க்கெட்டுக் கீரை இருக்கு.”

“வந்திருக்கலாமா?”

அவன் துணியை எடுத்துக் குழலைத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே சொன்னான்: “மருந்து இருக்கு. குணமாகுற வரைக்கும் வேகாத பண்டத்துல கை படக்கூடாது. யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“காமாரியா!” ஹாஜரா சாச்சி தேக்சாவைக் கரண்டியால் தட்டினாள்.

“கை வலிக்குது சாச்சி.”

“காலையில வெறகு பொளந்தப்ப வலிக்கல. மாவப் பார்த்ததும் வலிக்குதாக்கும்.”

உள்ளறையில் கணவருக்காகத் துக்கம் காத்து இத்தா இருந்த உம்மா, வெள்ளைத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து வந்தாள். “அவள விடு ஹாஜரா. நான் பிசைஞ்சுக்கிறேன்.”

காமாரியாவுக்கு மூச்சு வந்தது. இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கூரையிலிருந்த கண்ணாடி ஓடு வழியாக விழுந்த வெயிலில் மாவுத்தூசு மிதந்தது. அந்தத் துகள்களையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு துகளின் மேல் அந்தச் சின்ன உருண்டைகள் எத்தனையோ உட்காரலாம். கோபம் இல்லை, பகை இல்லை. நான்கு புள்ளிகளோடு தூங்கிக்கொண்டிருக்கும் ஒன்று, நான்கு பேர் தோள்மாற்றித் தூக்கிய மனிதரைச் சாய்த்துவிட்டது.

உம்மா மாவில் விரல் வைத்தாள். உடனே எடுத்துவிட்டாள்.

“நீயே பிசை ஹாஜரா. இந்தக் கையால வேணாம்.”

“அந்தக் கைக்கு என்ன வந்துச்சு?”

“எங்க மூணு பேருல ஒருத்தர் வயித்துல அந்த நோவு இருக்குன்னு ரஹீம் சொன்னான். யாருன்னு கேட்டா பேச்ச மாத்துறான். என் மொகத்தப் பார்க்க மாட்டேங்குறான்.” உம்மாவின் குரல் ஒரே சீராக இருந்தது. “பெத்தவகிட்ட எப்படிச் சொல்லுவான், பாவம். அவருக்குப் பச்சக் கீரைன்னா உசுரு. முப்பத்தொரு வருஷம் நான்தானே கழுவிக் கழுவித் தட்டுல வச்சேன்.”

“சும்மா இருங்க மச்சி,” என்றாள் ஹாஜரா சாச்சி.

உம்மாவின் விரல் நுனிகளில் மாவு ஒட்டியிருந்தது. துணியில் துடைக்கவும் பயந்து, வேறு யாருடைய கையையோ பிடித்திருப்பதுபோல, அதை உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு நின்றாள்.

காமாரியா அடுப்படி வாசற்படிவரை வந்தாள். உள்ளே வரவில்லை.

“உங்களுக்கு ஒண்ணும் இல்ல உம்மா,” என்றாள். “என் வயித்துலதான் இருக்கு.”