முதல் வரி மட்டும்

“எல்லாரும் சேர்ந்து தள்ளிவிட்டதாலதான் நான் இந்தக் கல்யாணத்துக்குள்ளேயே வந்தேன்.”

“ம்ம்.”

“ஆனா இப்போ நானாதான் உங்க பக்கத்துல வந்து உட்கார்றேன். கவனிச்சீங்களா?”

“ம்ம். தள்ளிவிட்டதாலன்னா சொன்னே? தள்ளுனதாலன்னு சொல்லலையா?”

“அதுவா இப்போ முக்கியம்?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

கல்யாணமான முதல் வருஷம், மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே நானும் என் கணவரும் பேசியது இது. அவருக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். வெட்கம் வந்தால் பேச்சை மாற்றிவிடும் ஆண்பிள்ளைகள் உண்டு. என் அப்பாவே அப்படித்தான். நான் சொன்னது அவர் மனதில் போய் உட்கார்ந்துவிட்டது என்ற நம்பிக்கையில் அதற்குப் பிறகு சந்தோஷமாகவே குடும்பம் நடத்தினேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது ஓர் அகராதி அலுவலகத்தில். சொற்களுக்குப் பொருளும் எடுத்துக்காட்டும் எழுதுவது அவர் வேலை. அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பது என் வேலை. எங்கள் அகராதிக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடுத்துக்காட்டு எதையும் மேசையில் உட்கார்ந்து கற்பனையாக எழுதக் கூடாது. யாராவது வாயால் சொல்ல, காதால் கேட்டதாக இருக்க வேண்டும். அதனால் பேருந்திலும் முடிவெட்டும் கடையிலும் அவர் காது திறந்தே இருக்கும். வீட்டில் சாப்பிடும்போதும் அப்படித்தான். நான் பேச ஆரம்பித்தால் துண்டு அட்டை ஒன்றை எடுத்துக் குறித்துக்கொள்வார். கடைக்காரர் சொன்னதையோ பக்கத்து வீட்டுச் சண்டையையோதான் என் பேச்சிலிருந்து எடுக்கிறார் என்பது என் நினைப்பு. அப்போதெல்லாம் அவரிடம் ஒன்று கேட்டுவிட வேண்டும் போலிருக்கும். தொழிலாயிற்றே என்று சோற்றோடு சேர்த்து விழுங்கிவிடுவேன்.

ஒருநாள் ‘த’ பக்கங்கள் பிழை திருத்த வந்திருந்தன. சாயங்காலம் அச்சுக்குப் போயாக வேண்டும். ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் கண்ணால் ஓட்டிக்கொண்டே வருவது எங்கள் வழக்கம். படித்தவர் என் சக ஊழியர். நிறுத்தி நிறுத்திப் பேசுவதால் அலுவலகமே அவரைக் கால்புள்ளி என்றுதான் கூப்பிடும்.

“தள்ளு. விசை கொடுத்து, முன்னே, நகரச் செய். எடுத்துக்காட்டு, வண்டி நின்னுபோச்சு, இறங்கித் தள்ளுங்க. ஒப்பிட, உந்து, முடுக்கு, செலுத்து.” அவர் தலையைத் தூக்கினார். “இந்த உந்துக்குத்தான் தங்கச்சி, இன்னும் ஆள் கிடைக்கல. நானும் காதைத் தீட்டிக்கிட்டு அலையறேன். ஊர்ல எல்லாரும் தள்றான், விரட்டறான், முடுக்கறான். உந்தறவன், ஒருத்தன்கூட இல்ல.”

“நீங்களே யாரையாவது புடிச்சு உந்துங்கண்ணா. அவன் திட்டும்போது அந்த வார்த்தை வரும்.”

“அடி வாங்க, ஆள் அனுப்பறியா?” என்று சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். “பொருள் இரண்டு, நாளைக் கழி. எடுத்துக்காட்டு, எப்படியோ காலத்தைத் தள்றேன். பொருள் மூன்று, விருப்பமில்லாதவரை, ஒன்றில் ஈடுபடுத்து. எடுத்துக்காட்டு, எல்லாரும் சேர்ந்து தள்ளிவிட்டதாலதான், நான் இந்தக் கல்யாணத்துக்குள்ளேயே வந்தேன்.”

என் பென்சில் நின்றது.

“பாவம், எவன் பொண்டாட்டியோ,” என்றார் கால்புள்ளி. “அந்த மனுஷன், வீட்டுல இன்னொரு கரண்டி சோறு கேட்கவே, பயப்படுவான்.”

“அதுக்கு அடுத்த வரி?”

“அவ்வளவுதான். அடுத்தது, பொருள் நாலு.”

என் கணவர் என்னிடம் பொய் சொன்னவர் இல்லை; வேறொருத்தியைத் தேடிப் போனவரும் இல்லை. ஆனாலும் அப்படி ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்தவளைப் போல எழுந்தேன். தாளை எடுத்துக்கொண்டு நேரே அவர் அறைக்குப் போனேன். குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

“இது என்னங்க?”

பார்த்தார். முகம் மலர்ந்தது. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

“ஓ, அதுவா! அருமையான வாக்கியம்மா. அந்தப் பொருளுக்கு ரொம்ப நாளா எதுவுமே சிக்கல. நீ சொன்னதும் அப்படியே பொருந்திப்போச்சு.”

“நான் உங்ககிட்ட சொன்னதுங்க அது.”

“உன் பேரு எங்கேயும் வரலையே.”

“மீதி எங்கே?”

“எந்த மீதி?”

அவரே யோசித்தார். கூரையைப் பார்த்தார், பேனா மூடியைக் கடித்தார். நான் காத்திருந்தேன். வரவில்லை.

“இன்னொரு வரி இருந்திருக்கும்,” என்றார் கடைசியில். “அதுல ‘தள்ளு’ வந்திருக்காது. வந்திருந்தா குறிச்சிருப்பேனே.”

சண்டை போட வந்தவளுக்கு அழுகைதான் வந்தது. மொட்டைமாடியில் கொட்டியதில் தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டு எழுந்து போயிருக்கிறார் மனுஷர். அவருக்குத் தெரிந்த நான், தள்ளிவிடப்பட்டு வந்தவள் மட்டும்தான். அப்படி நினைத்துக்கொண்டே இத்தனை நாளும் என்னோடு சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார். அது அவருக்கு வலிக்கக்கூட இல்லை.

என் கண்ணைப் பார்த்ததும் அவர் பதறிப்போனார். “ஐயையோ, என்னம்மா இது? எடுத்துடறேன். இப்பவே அடிச்சிடறேன்.” தாளை இழுத்து அந்த வரியின் மேல் கோடு போட்டார். “போயிடுச்சு, பாரு. சரியா?”

“சரியில்ல.”

“வேற என்ன பண்ணணும்? சொல்லு, பண்றேன்.”

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வாங்கி மேசையில் வைத்தேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினேன். பக்கத்து அறையில் கால்புள்ளி தாளைக் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்; கூப்பிடட்டும்.

“எப்பவோ கேட்டிருக்கணும். வேலையில இருக்கீங்கன்னு வாயை மூடிக்கிட்டு இருந்தேன்,” என்றேன். “நான் பேசினா முழுசா கேளுங்க. கேட்டுட்டு, உங்க மனசுல என்ன இருக்கோ அதை எனக்குப் பதிலா சொல்லுங்க.”