டாங்கிக்கு யார் கிரீஸ் அடிப்பது?

வல்லத்திராக்கோட்டையில் எனக்குத் தெரிந்து நாவல் படிப்பவள் நான் மட்டும்தான். பேச்சுத் துணைக்கு இன்னொரு வாசகர் வேண்டும் என்பதற்காக, தானே சிந்திக்கும் போர் டாங்கியைப் பற்றிய மொழிபெயர்ப்பு நாவலை ஜெரோம் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் டாங்கியைப் போலவே சக்கரத்துக்குப் பதில் செயினில் ஓடும் நெல் அறுப்பு வண்டி ஓட்டுகிறவர்.

மூன்றாம் நாளே புத்தகத்தைத் திருப்பி நீட்டினார்.

"சுத்தப் பொய்யி நான்சி. ஈர வயல்ல அப்புடி வெடுக்குன்னு திருப்புனா செயின் கழண்டுரும்."

எனக்கு முகம் தொங்கிவிட்டது.

"எரநூறு வருசமா சண்டை போடுது, ஒருத்தனும் கிரீஸ் அடிக்கல. கடைசிப் பக்கத்துல அது ஒத்தையா ஆத்தத் தாண்டுறப்பகூட எனக்கு அதே கவலைதான்."

"கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சீங்களா?"

"ஆமா, ஏன்?"

பையிலிருந்து, உடல் முழுக்க இயந்திரக் கவசம் மாட்டிச் சண்டை போடும் வீரர்களைப் பற்றிய இன்னொரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். அட்டையை உற்றுப் பார்த்தார்.

"இத மாட்டிக்கிட்டு ஒண்ணுக்கு எப்புடிப் போவான்?"

"படிச்சிட்டு வந்து சொல்லுங்கண்ணே."