மாட்டுப்பட்டி வேலி நகர்ந்த வருஷம்

கும்பு மலைச்சரிவில், ஊர்த்தலைவரின் மாட்டுப்பட்டி வேலி 1995-இல் நகர ஆரம்பித்தது. அந்த வருஷம் மழை தாமதம், சோளம் சுமார், மற்றபடி விசேஷமில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சி போய் கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் முதன்முதலாகச் சேர்ந்து ஓட்டுப் போட்டதற்கு மறு வருஷம் அது. புது அரசியல் சட்டத்தில் என்னென்ன வேண்டும் என்று ஜனங்களையே கேட்க ஒரு குழு வந்தது. தலைவர் வழக்கம்போலக் கூட்டத்தைப் பட்டிக்குள் கூட்டிவிட்டார். பட்டிக்குள் இருக்கும் ஒவ்வொருவர் பேச்சையும் கேட்ட பிறகே தலைவர் முடிவு சொல்வார் என்பது அந்த ஊர் முறை. வாழவந்த பெண்கள் அதற்குள் கால் வைக்கக்கூடாது என்பதும் முறைதான். அது பெண்களைத் தவிர யாருக்கும் நினைவு வரவில்லை. அவர்கள் முள்வேலிக்கு வெளியே நின்றார்கள்.

நொபாண்டுவும் நின்றாள். புருஷன் வுயானி போன குளிர்காலத்தில் தங்கச் சுரங்கத்தில் செத்துப்போனான். அவள் தன் கையால் மண் குழைத்துக் கட்டிய வட்ட வீடு இனி தனக்குத்தான் என்று கொழுந்தன் ஜோலிலே சொல்லிவிட்டான். தலைவரும் தலையாட்டியிருந்தார்.

ஆண்கள் ரோடு கேட்டார்கள், தண்ணீர்க் குழாய் கேட்டார்கள். "நானும் ஒண்ணு சொல்லணும்!" என்று நொபாண்டு கத்தினாள்.

"அங்கேருந்து கத்துனா யாருக்குக் கேக்கும் அண்ணி? போயி பீர் காய்ச்சுற வேலையப் பாருங்க" என்றான் ஜோலிலே. எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் விடவில்லை. "புருஷன் செத்தா வீடும் போயிரணுமா? என் வீட்டை விட்டு என்னை யாரும் கிளப்பக்கூடாதுன்னு எழுதுங்க!" அவள் சொல்லச் சொல்ல முள்வேலி ஒரு பாவாடையையும் கிழிக்காமல் பெண்களைத் தாண்டிப் பின்னால் போய் நின்றது. மாடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. பெண்கள் நின்ற இடத்திலேயே பட்டிக்குள் இருந்தார்கள். ஒருத்தியும் கால் எடுத்து வைக்காததால் முறை மீறியதாகவும் சொல்ல முடியவில்லை. குழுவில் வந்த பெண் எழுதிக்கொண்டு, "வேற ஏதாச்சும் இருக்காம்மா?" என்றாள்.

"இது நடந்தாப் போதும் தாயி."

குழு போன பிறகும் கூட்டங்களில் பெண்கள் பேசினார்கள். ஒவ்வொரு பேச்சுக்கும் வேலி கொஞ்சம் சரிவில் இறங்கியது. மறு வருஷம் சட்டம் நிறைவேறிய மாதம் ஜோலிலே குடியேற மூட்டை முடிச்சோடு வந்தபோது, வேலி நொபாண்டுவின் வீட்டைத் தாண்டி நின்றது. அவன் தலைவரிடம் ஓடினான். தலைவர் சட்டத்தைப் படித்தவரில்லை, வேலியைத்தான் பார்த்தார்.

"வீடு பட்டிக்குள்ள இருக்குடா. அவளைக் கேக்காம நான் எப்படிச் சொல்றது?"

கேட்டார்கள். "முடியாது" என்றாள். ஜோலிலே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். நொபாண்டுவுக்கு அப்பாடா என்றிருந்தது. வாசலில் உட்கார்ந்து ஆசைதீர அழுதாள்.

அன்றிலிருந்து தலைவரின் மாடுகள் அவள் சுவரில் சாய்ந்துதான் தூங்குகின்றன. சாண நாற்றம் தாங்கவில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் அவள் புகார் சொல்கிறாள். எல்லாரும் கேட்டுக்கொள்கிறார்கள்.