தறிக்கூடத்துப் பேச்சு

"உங்கப்பா அன்னைக்குக் குடிச்சிருந்தாராமே?" என்று ஏழாம் வகுப்பில் கிரிஜா கேட்டாள். மறுநாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

எனக்கு இரண்டு வயதில், தாவணகெரே பருத்தி மில் ஒன்றில் தறியை ஓட்டும் பெல்ட் அறுந்து தலையில் அடித்து அப்பா செத்தார். குடித்துவிட்டு வேலைக்கு வந்தார் என்று மில்லில் எழுதி வைத்தார்கள். ஊரும் அதையே பேசியது.

மில்லை இடித்துக் கடைகள் கட்டப் போகிறார் முதலாளியின் மகன். அதற்கு முன், அம்மாவையும் என்னையும் சேர்த்து, பழைய தொழிலாளர்களைக் குடும்பத்தோடு கல்யாண மண்டபத்துக்கு அழைத்து, மிளகாய் பஜ்ஜி கொடுத்து, மில்லின் பொன்விழா அன்று எடுத்த படத்தைத் திரையில் போட்டார். அந்தப் பொன்விழா நாள் சாயங்காலம்தான் அப்பா செத்தார்.

படத்தில் சத்தம் கிடையாது. கேட்டுக்குள் சைக்கிள்கள் நுழைந்தன.

"டேய் நிங்கப்பா, உன் தலையில முடி இருந்திருக்குடா."

"உன் கண்ணுதான் பட்டுச்சு."

சிரித்தவர்களே அடுத்து, அந்தக் காலம் வருமா என்று அழுதார்கள்.

பிறகு தறிக்கூடம். அப்பா மேலே பெல்ட்டைக் காட்டி, மேஸ்திரி ருத்ரப்பாவிடம் ஏதோ சொன்னார்.

தறி ஓடும்போது காது உதவாது. உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார்கள். தறிச் சத்தத்தில் அம்மாவுக்குக் காது போனதால் எங்கள் வீட்டிலும் அதுதான் பேச்சு. முதலாளி மகனுக்கு அது தெரியாது.

"பெல்ட் கிழிஞ்சிருக்கு, நிறுத்துங்க" என்றன அப்பாவின் உதடுகள்.

"படம் எடுக்கிறாங்க. வாய மூடிட்டு ஓட்டு" என்றன மேஸ்திரியின் உதடுகள்.

தறியில் வேலை செய்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. ஒருவர் இருமினார். ஒருவர் பஜ்ஜியைப் பிட்டார்.

நான் எழுந்தேன். "அதை இன்னொரு தடவை போடுங்க."

"அப்பாவாம்மா? போடுப்பா, ஆசையா பாக்கட்டும்" என்றார் முதலாளி மகன்.

போட்டார்கள். மறுபடியும் கேட்டேன்.

"போதும் தாயி, உக்காரு" என்றார் நிங்கப்பா. "செத்தவரு திரும்பி வரப் போறாரா?"

"அவரு குடிச்சிருந்தார்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டீங்களே மாமா, நல்லாப் பாருங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

முன்வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த ருத்ரப்பாவின் எதிரில் போய் நின்றாள் அம்மா. குரல் எடுக்காமல் உதட்டை மட்டும் அசைத்தாள். "எம்புருசன் குடிக்கலைன்னு மேடையில ஏறிச் சொல்லு."

அவர் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மேடைப் பக்கம் திரும்பாமல் வெளியே போனார்.