நாலு மணி நேரம் கழித்து வந்த ‘ப’

எங்கள் ஊர் அங்கன்வாடியில் புதன்கிழமைதோறும் எழுத்துகளின் ஓசையை இலவசமாக ஊற்றுகிறார்கள். வாரத்துக்கு ஓர் ஓசை. பாத்திரம் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். பிள்ளை அதை வெறும் வயிற்றில் குடித்துவிட்டால் போதும், அந்த எழுத்தை எங்கே பார்த்தாலும் ஓசை தானாக வாய்க்கு வந்துவிடும்.

என் மகள் வெண்ணிலா ‘ம’ குடித்துவிட்டு முதல்முறை சொன்னபோது, பொங்கி வந்த பால் விளிம்பிலேயே நின்று கேட்டது. நானும் கரண்டியோடு நின்றுவிட்டேன். நான் படித்த காலத்தில் எந்த எழுத்தும் இவ்வளவு அழகாக இருந்ததில்லை.

‘ப’ வாங்கிய அன்றுதான் தப்பு செய்தேன். டம்ளரின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. மிக்சி ஜாரை அலசிக் குழம்பில் ஊற்றிப் பழகிய கை சும்மா இருக்குமா? தண்ணீர் விட்டு அலசி அதையும் குடிக்கக் கொடுத்தேன். ‘ப’ நீர்த்துப்போனது. காலை எட்டு மணிக்கு எழுத்தைப் பார்த்தால், பன்னிரண்டு மணிக்குத்தான் ஓசை வந்தது.

“அலசி ஊத்துனியா?” என்றார் அங்கன்வாடி எஸ்தர் அக்கா, வெண்ணிலாவைப் பார்த்ததுமே.

“வீணாப் போகுதேன்னுதான்க்கா…”

“போன மாசம் ஒருத்தி சுட வெச்சுக் குடுத்திருக்கா. அந்தப் பய ‘ச’வைப் பாத்தா ஊதி ஊதித்தான் சொல்றான்.”

ஒரு பிள்ளைக்கு ஓர் ஓசையை ஒரு தடவைதான் ஊற்றுவார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை. அன்று காலையில் சுவரில் எழுதும் வரியைப் பிள்ளை வாசிக்க வேண்டும். கடைசி மணி அடிப்பதற்குள் முடிக்காவிட்டால், குடித்த ஓசையெல்லாம் திரும்ப அங்கன்வாடி டிரம்முக்குப் போய்விடும். அடுத்த வருஷம் ‘அ’விலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கடைசி மணி மூன்றே முக்காலுக்கு. எங்கள் முறை வந்தபோது பதினொன்று நாற்பது.

சுவரில் ‘பட்டம் பறக்குது’ என்று இருந்தது.

வெண்ணிலா வாசித்தாள். “…ட்டம் …றக்குது.”

‘ப’ வர வேண்டிய இரண்டு இடங்களும் அவளுக்கு முன்னால் காற்றில் காலியாக நின்றன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். தங்கபுஷ்பம் டீச்சர் அவற்றுக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

“தண்ணி கலந்தது. வரட்டும், காத்திருப்போம்.”

காத்திருந்தோம். சத்துணவு அண்டாவை அந்த இடங்களில் இடிக்காமல் சுற்றித் தூக்கிப் போனார்கள். மகனைச் சேர்த்து முடித்த பிறகும் பக்கத்து வீட்டு ஜெயக்கொடி அக்கா வீட்டுக்குப் போகவில்லை.

“ஏண்டி கோமதி, உம் மக வாசிக்கிறாளா, அடைகாக்குறாளா?”

“குஞ்சு பொரிச்சதும் உங்களுக்கும் ஒண்ணு தரேன்க்கா.”

சிரித்தேன். சேலை முந்தானை மட்டும் என் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தது. முப்பத்தோரு வாரம் குடித்த பிள்ளை. பிஸ்கட் உறையைக்கூட விடாமல் வாசிக்கிற பிள்ளை. வெறும் வாயோடு எப்படி வீட்டுக்கு அழைத்துப் போவேன்?

மூன்று நாற்பதுக்கு ஆயாம்மா மணி அடிக்கும் கட்டையைக் கையில் எடுத்தார்.

அப்போது வெண்ணிலாவின் உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. ‘ப’ வந்தது. மெதுவாகப் போய் முதல் இடத்தில் உட்கார்ந்தது. ஒரு மூச்சு கழித்து இன்னொன்று வந்து இரண்டாவது இடத்தில் உட்கார்ந்தது. வரி முழுசாக அந்த அறையில் நின்றது. ஜெயக்கொடி அக்கா செருப்பைக் கழற்றினார். முழு வரி ஒன்றை நான் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததே இல்லை. ஐந்து வயசு வாயிலிருந்து வந்ததுதான். ஆனாலும் கும்பிட்டேன்.

மணி அடித்தது. பள்ளிக்கூடம், அந்த வரியில் இருந்த பட்டம் மாதிரி, தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது.

டீச்சர் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாங்கள் இறங்க வாசலில் ஸ்டூல் போடச் சொன்னார்.

“திங்கக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே கூட்டிட்டு வாங்கம்மா,” என்றார். “காலையில இன்னும் மேல இருக்கும்.”