தொட்டியில் சமபந்தி

கொள்கை ரெத்தினத்துடையது. மண்புழு தோண்டுகிற வேலை மட்டும் அவன் பெண்டாட்டி அம்சத்துடையது. ஒன்பது மாதமாக அந்த வீட்டு நடைமுறை இதுதான்.

சித்திரையில் வாய்க்கால் தூர் வெட்டப் போன ரெத்தினம், சேற்றில் அகப்பட்ட இரண்டு ஆமைகளைத் துண்டில் முடிந்துகொண்டு வந்தான். ஒன்று உள்ளங்கை அளவு. மற்றது சோற்றுத் தட்டு அகலம். வீட்டுக்குள் ஆமை வந்தால் குடும்பம் நாசமாகிவிடும் என்பது குடவாசல் சுற்றுவட்டாரத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சேதி. அதனால்தான் கொண்டுவந்தான். கருப்புச் சட்டைக்காரன் அல்லவா! மாட்டுக்குக் கழனித்தண்ணி வைக்கும் சிமெண்டுத் தொட்டியை வாசலுக்கு நகர்த்தி, தண்ணீர் ஊற்றி, இரண்டையும் அதில் விட்டுவிட்டுத் தெருவே கேட்கச் சொன்னான்:

“என் குடும்பம் எப்படிக் கெடுதுன்னு எல்லாரும் வந்து பாருங்கய்யா!”

எல்லாரும் வந்து பார்த்தார்கள். தீனி போடத்தான் ஆள் இல்லை.

சோற்றை இரண்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புழு, நத்தை, மீன் குடல் என்றால் பெரியது பாய்ந்து வந்து மொத்தத்தையும் விழுங்கியது. சின்னது தலையை நீட்டினால் அதன் காலைக் கடித்தது. நடவுக்குப் போய் இடுப்பொடிந்து வந்த அம்சம், சின்னதை அலுமினியச் சட்டியில் தனியாக விட்டுத் தீனி போட்டுப் பார்த்தாள். ஒழுங்காகத் தின்றது. அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தால், அவன் விட்டால்தானே?

“சமபந்திக்காக ஊர் ஊராப் போய்ப் பேசுறேன். என் வீட்ல தனிப் பந்தியா? ரெண்டும் ஒண்ணாத் தின்னு பழகட்டும்.”

“அது பழகுறதுக்குள்ள இது செத்துடுங்க.”

அவன் சட்டியைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கூட்டத்துக்குக் கிளம்பிப் போய்விட்டான். அம்சத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐப்பசியில் பட்டா வந்தது. மிராசுதார் நிலத்தில் அவர்கள் குடிசை போட்டிருந்த மனை, புதுச் சட்டப்படி ரெத்தினத்தின் பேருக்கே ஆனது. அவன் அப்பன் காலத்திலிருந்து, எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்று பயந்துகொண்டே குடியிருந்த மனை. தெருவிலேயே முதல் பட்டா. அவ்வளவுதான், ஊர் ஒரே நாளில் கட்சி மாறிவிட்டது. ஆமைகள் ராசியான ஆமைகள் ஆகிவிட்டன. பக்கத்து வீட்டு ஆனந்தவல்லி ஒரு வெள்ளிக்கிழமை வந்து, பெரியதின் ஓட்டில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, ஒரு படி பொரியைத் தொட்டியில் கொட்டிவிட்டுக் கும்பிட்டாள். ரெத்தினம் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஆமையால கெட்டதும் வராது, நல்லதும் வராது! சட்டம் போட்டதால வந்தது தாயி!”

யார் கேட்டார்கள்? வாராவாரம் பொரி ஊறித் தண்ணீர் நாறியது. குங்குமத்தை அவன் கழுவினான். தொட்டியை அம்சம் கழுவினாள்.

தை பிறந்ததும் மிராசுதார் மனுப் போட்டார். அது தன்னுடைய மாட்டுக்கொட்டகை இடம், அங்கே யாரும் குடியிருந்ததே இல்லையாம். வியாழக்கிழமை தாலுகா கச்சேரியில் விசாரணை. பட்டா ரத்தானால் மறுநாளே குடிசையைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அம்சத்துக்குச் சோறு இறங்கவில்லை. அதே வாரம் சின்னதும் தீனியை விட்டது. கடிபட்ட கால் வீங்கிப்போய், கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. அறுப்புக்காக வயலில் தண்ணீரை வடித்துவிட்டதால் நத்தை அகப்படுவதும் அரிதாகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை அறுப்பு முடிந்து வந்தவளுக்குக் கொல்லையில் கண்டதை நம்ப முடியவில்லை. சின்னது அலுமினியச் சட்டியில் தனியாக இருந்தது. பக்கத்தில் முழங்கால் வரை சேற்றோடு ரெத்தினம் குந்தியிருந்தான். எந்தக் குட்டையிலோ இறங்கி நத்தை பொறுக்கி வந்து, ஓட்டை உடைத்து, சதையைக் கருவேல முள்ளில் குத்தி அதன் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தான்.

“என்னங்க இது, தனிப் பந்தி?”

வேலிக்கு அந்தப் பக்கம் ஆனந்தவல்லி நிற்கிறாளா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான்.

“வியாழக்கிழமை வரைக்குமாவது உசுரோட இருக்கட்டும் அம்சம்.”

சிரிப்பு வரும் என்று நினைத்தாள், ஆத்திரம்தான் வந்தது. அவன் பயந்ததற்காக அல்ல. அவளும்தான் பயந்து கிடக்கிறாள். ஆனால் இத்தனை மாதம் இது கண்ணெதிரே பட்டினி கிடந்தபோது தெரியாதது, விசாரணை என்றதும்தானே இவனுக்குத் தெரிந்தது? அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு அவன் எதிரில் வந்து நின்றாள்.

“வியாழக்கிழமை என்ன ஆனாலும் வெள்ளிக்கிழமை இதுக்குப் பசிக்கும்ங்க. அன்னைக்கும் நீங்கதான் சேத்துல இறங்கணும். நான் மாட்டேன்.”