சாலை விபத்து

பக்கத்து நாட்டில் சண்டை மூண்டு நாலு மாதம். ஆற்றுக்கு இந்தக் கரையில் இருந்த நாடு அதைப் போர் என்றது. தப்பி வந்தவர்களுக்கு முகாம் போட்டது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்றாவது நாடு இதற்கு உயிர்த்தோழன். ஆனால், சண்டை போடும் அரசாங்கத்திடம் எரிவாயு வாங்கிக்கொண்டிருந்ததால், அதற்கு மட்டும் அது போரே இல்லை, வெறும் உள்வீட்டுச் சச்சரவு.

முகாம் ஆஸ்பத்திரி நர்ஸின் தங்கை அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். தங்கை புருஷனுக்குப் பாலத்துச் சோதனைச் சாவடியில் அதிகாரி வேலை. சாப்பிடும்போது யாராவது சண்டையைப் பற்றிப் பேச்செடுத்தால் தங்கை கண்ணாலேயே அடக்கிவிடுவாள்.

ஒருநாள் காலை, வயிற்றில் குண்டுச்சில்லு பாய்ந்த தையல்காரி ஒருத்தியை முகாமுக்குத் தூக்கி வந்தார்கள். அங்கே ஆபரேஷன் செய்ய வசதியில்லை. அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம். நர்ஸும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டாள்.

சாவடியில் படிவத்தைப் பார்த்த மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போனது. போர்க்காயம் என்றால் உள்ளே விடக்கூடாது, மேலிடத்து உத்தரவு என்றார். நர்ஸ் மன்றாடினாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வேறொரு படிவத்தை நீட்டினார்.

"சாலை விபத்துன்னு எழுதுங்கக்கா. நான் கண்டுக்கல. என்னால இவ்வளவுதான் முடியும்."

தையல்காரியின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. நர்ஸ் எழுதிக் கொடுத்தாள்.

தையல்காரி பிழைத்துக்கொண்டாள். ஆனால் முகாமுக்குத் திருப்பி அனுப்பவில்லை. விபத்தில் அடிபட்ட வெளிநாட்டுக்காரி, குணமாகிவிட்டாள், அவள் ஊரில் போரும் இல்லை. அதனால் சொந்த நாட்டுக்கே அனுப்பப்போவதாக அக்கரை அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. நர்ஸ் தன் நாட்டு அலுவலகத்துக்கு ஓடினாள். நட்பு நாட்டிடம் இதற்கெல்லாம் மல்லுக்கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். வேறு வழியில்லாமல் அக்கரைக்கே போய், தான் எழுதியது பொய், அது குண்டுக்காயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படிவம் யார் கொடுத்தது என்று கேட்டார்கள். அவள் வாய் திறக்கவில்லை. அன்று சாவடியில் யாருக்கு வேலை என்று பார்க்க அவர்களுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

தையல்காரியை முந்தின நாளே எல்லை தாண்டி இறக்கிவிட்டிருந்தார்கள். அவளைப் பற்றி அப்புறம் ஒரு தகவலும் இல்லை. மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று.

தங்கை ஒரே ஒரு தடவை போன் செய்தாள். "அந்தப் படிவத்த நீ எழுதாமலே இருந்திருக்கலாம்."

"எழுதலன்னா அவ அன்னைக்கே செத்திருப்பாடி."

"இப்ப மட்டும் என்ன ஆச்சு?"

தங்கை போனை வைத்துவிட்டாள்.